"கண்ணாடி உடையவில்லையே" என்பது பதிலாகாது

முகாமையாளர்,
வீட்டுப் பொருட்கள் இடமாற்றச் சேவை,
வவுனியா.

விடயம்: வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குக் கடல்நீர் மீன்தொட்டியைக் கொண்டுவந்ததில் ஏற்பட்ட இழப்பு

ஐயா,

கடந்த ஆனி மாதம் என் வீட்டுச் சாமான்களை வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏற்றிவர உங்கள் நிறுவனத்தை அமர்த்தினேன். கட்டில், அலுமாரி, புத்தகப் பெட்டிகள் எல்லாம் ஒரு கீறலும் விழாமல் வந்து சேர்ந்தன. அதற்கு நன்றி. இந்த முறைப்பாடு என் கடல்நீர் மீன்தொட்டியைப் பற்றியது. "உயிருள்ள மீன்தொட்டிகளையும் பாதுகாப்பாக இடம் மாற்றித் தருவோம்" என்று உங்கள் துண்டுப்பிரசுரத்தில் இருந்த வரியை நம்பித்தான் உங்களிடம் வந்தேன். அதற்கெனத் தனிக் கட்டணமும் வாங்கினீர்கள். பற்றுச்சீட்டில் அது தனி வரியாகவே இருக்கிறது.

தொலைபேசியில் பேசியபோது, "கண்ணாடி உடையவில்லையே, பிறகென்ன ரீச்சர்?" என்று கேட்டீர்கள். என்ன அழிந்தது என்பது உங்களுக்கு விளங்கவில்லை என்று அப்போதே தெரிந்தது. அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

தொட்டி 4 அடி நீளமானது; ஏறக்குறைய 250 லீற்றர் நீர் கொள்ளும். கண்ணாடிப் பெட்டியைக் காசு கொடுத்தால் வாங்கலாம். உள்ளே இருந்த கற்களை வாங்க முடியாது. நம் நாட்டில் கடலிலிருந்து பவளப்பாறையை உடைத்தெடுப்பது சட்டப்படி குற்றம். ஆகவே சீமெந்தையும் நொறுக்கிய சிப்பியையும் குழைத்து நானே வார்த்த கற்கள் அவை. சீமெந்தின் காரம் இறங்கும்வரை மாதக்கணக்கில் நன்னீரில் ஊறவைத்து, பிறகு கடல்நீரில் இட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வளர்த்தவை. மீன்களின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் அந்தக் கற்களின் துளைகளில்தான் குடியிருந்தன. கடல்நீர்த் தொட்டிக்கு உண்மையான வடிகட்டி அதுதான். மேலே இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படர்ந்து, வார்த்த கல் என்று யாரும் சொல்ல முடியாதபடி இருந்தன. அவற்றின் நடுவே பூப்போல விரியும் கடல்விலங்கான ஒரு கடற்சாமந்தி, அதை விட்டு அகலாத ஒரு சோடி கோமாளி மீன், ஓர் உளுவை, இரண்டு இறால்கள். கோமாளி மீன்கள் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை; கடலில் பிடித்தவை அல்ல. சாதாரண தரத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றிய வாழ்வு பாடத்தை அந்தத் தொட்டியின் முன்னால் நிறுத்தி வைத்துத்தான் கற்பித்து வந்தேன்.

என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, உங்கள் மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்கினேன். பிரதி இணைத்திருக்கிறேன். பழைய நீரில் பெரும்பகுதியை மூடியுள்ள நீலப் பரல்களில் கொண்டுவர வேண்டும். கற்களை நீருக்குள் அமிழ்த்தியே கொண்டுவர வேண்டும். மணலை முழுவதும் அள்ளிய பிறகே தொட்டியைத் தூக்க வேண்டும். மீன்களையும் கடற்சாமந்தியையும் ரெஜிபோம் பெட்டிகளில் வைத்து, நான் தந்த மின்கலக் காற்றுக் குழாயை ஓடவிட வேண்டும். வழியில் எங்கும் தங்கக் கூடாது. இதற்கெல்லாம் "சரி" என்ற பிறகே, கிளிநொச்சி வீட்டில் தளமட்டம் பார்த்து, குறை நிரப்ப வடிகட்டிய நீரில் கடலுப்புக் கலவை கரைத்து வைப்பதற்காக நான் முதல் பஸ்ஸில் புறப்பட்டேன். அந்த ஏற்பாடும் உங்கள் மேற்பார்வையாளர் சொன்னதுதான்.

காலையில் புறப்பட்ட லொறி பொழுது சாயும் நேரத்தில்தான் வந்தது. படங்கை அவிழ்த்தபோது உள்ளே மாங்குளத்தில் இறக்கிய வேறொருவரின் கதிரை மேசைகளைக் கட்டிய கயிறுகள் கிடந்தன. அவருடைய சாமான்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காக என் பரல்களில் பாதிக்கு மேல் வவுனியா வளவிலேயே கவிழ்த்து ஊற்றியதாக உங்கள் ஆட்களே சொன்னார்கள். கற்கள் சாக்குகளில் கட்டப்பட்டு லொறியின் பின்புறத்தில் கிடந்தன. பகல் முழுவதும் சோளகக் காற்று அடித்திருக்கிறது. ஒரு கல்லைக் கையில் எடுத்தேன். மேல் விளிம்பில் பாசி வெளிறிச் சுண்ணாம்பாக உதிர்ந்தது. அடிப்பக்கத்தில் அழுகிய இறாலின் நாற்றம்.

மணலை அள்ளாமலே தொட்டியைத் தூக்கியிருக்கிறார்கள். அந்தப் பாரத்தில் பின்மூலையின் சிலிக்கோன் ஒட்டு இழுபட்டு, இப்போது அங்கே நீர் கசிகிறது. ஆகவே கண்ணாடி உடையவில்லை என்பதும் முழு உண்மை அல்ல. காற்றுப் படாமல் அடியில் கிடந்த பழைய மணல் கலங்கியதால் கூழ்முட்டை நாற்றம் எழுந்தது. அது ஐதரசன் சல்பைட்டு, மீனுக்கு நஞ்சு.

எல்லாவற்றிலும் கொடியது கடற்சாமந்தியின் பெட்டியில் நடந்தது. வழியில் அதன் நீர் சிந்திவிட்டதாம். "குறைந்திருந்தது ரீச்சர், மாங்குளத்தில் குழாய்த்தண்ணீர் ஊற்றி நிரப்பினோம்" என்று உதவியாளர் சொன்னார். அந்தப் பிள்ளை நல்லது செய்ததாகவே நினைத்துச் சொன்னது. அவருக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரை நான் குறை கூறவில்லை, உங்களைத்தான் கூறுகிறேன். நீரில் உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் சாரடர்த்தி 1.025 இருக்க வேண்டும்; அந்தப் பெட்டியில் 1.018தான் இருந்தது. கடற்சாமந்தி சுருங்கி, வாய் பிளந்து, மறுநாள் கூழாகக் கரைந்தது.

நீர் போதாது என்று நான் பதறியபோது உங்கள் சாரதி, "கிணற்றுத்தண்ணீரில் ஆனையிறவு உப்பைக் கரைத்தால் சரிதானே" என்றார். சமையல் உப்பு ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைட்டு. கடல்நீரில் மகனீசியம், கல்சியம், பொற்றாசியம், சல்பேற்று எல்லாம் அளவோடு சேர்ந்திருக்கின்றன. கடல்நீர்த் தொட்டியை ஏற்ற முன்வரும் நிறுவனத்தின் சாரதிக்கு இவ்வளவாவது தெரிந்திருக்க வேண்டாமா?

அன்றிரவு அமோனியாச் சோதனையில், மஞ்சளாகவே நிற்க வேண்டிய திரவம் கடும் பச்சையானது. காய்ந்த கற்களில் செத்தவை அழுகியதால் வந்த அமோனியா அது. கடல்நீரின் காரத்தன்மையில் அமோனியாவின் நச்சு நன்னீரில் இருப்பதைவிடக் கூடுதல். வைத்திருந்த கலவை நீர் முழுவதையும் மாற்றிப் பார்த்தேன். பெண் கோமாளி மீன் செத்தது. உளுவை செத்தது. இறால்களைக் காணவே இல்லை. ஆண் மீன் மட்டும் ஒரு பிளாஸ்ரிக் தொட்டியில் உயிரோடு இருக்கிறது.

"முல்லைத்தீவுக் கடலில் மீனுக்கா பஞ்சம், வேறு பிடித்துத் தருகிறோம்" என்றும் சொன்னீர்கள். வேண்டாம். எனக்காக ஒருவரும் கடலில் எதையும் பிடிக்கவோ உடைக்கவோ கூடாது.

வன்னியில் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போவது எப்படி என்று நம் சனத்துக்குத் தெரியும். உழவு இயந்திரப் பெட்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போன நாட்களில்கூட, அடுத்தவரின் பொருளைக் கேட்காமல் கொட்டிவிட்டுத் தன் பொருளை ஏற்றியவரை நான் கண்டதில்லை. உங்களிடம் லொறி இருந்தது, நல்ல வீதி இருந்தது, என் கையொப்பத்தாள் இருந்தது. இன்னொரு வாடகைக்காக அந்த நீரைக் கொட்டினீர்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மீன்தொட்டிக்கென வாங்கிய கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். பின்மூலையை மீண்டும் ஒட்டும் செலவையும், செத்த உயிரினங்களின் கொள்விலையையும் ஏற்க வேண்டும். பற்றுச்சீட்டுகளின் பிரதிகள் இணைப்பில் உள்ளன. கற்களுக்கு நான் விலை கேட்கவில்லை, அதற்கு விலை போட எனக்குத் தெரியாது. உங்கள் ஆட்களுக்கு முறையான பயிற்சி கொடுக்கும்வரை அந்த வரியைத் துண்டுப்பிரசுரத்திலிருந்து நீக்க வேண்டும். பணத்தைவிட இதையே அழுத்திக் கேட்கிறேன்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் இந்தக் கடிதத்தையும் இணைப்புகளையும் கையளிப்பேன்.

மூடியோடு இருந்த என் நீலப் பரல்கள் இன்னும் உங்கள் லொறியில் இருக்கின்றன. அவற்றைக் கழுவாமல், சவர்க்காரம் படாமல் அப்படியே அனுப்பி வையுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் வாடிக்கையாளர்,
கிளிநொச்சி.
(பெயரும் விலாசமும் இணைத்துள்ள பற்றுச்சீட்டில் உள்ளன.)