17 சதவீதத்துக்குப் பின்னால் இருக்கும் புவியியல்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராம நூலகத்தில், குரூப் 4, குரூப் 2 தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஏழு ஆண்டுகளாக மாலையில் பாடம் எடுத்து வருகிறேன். உங்கள் போட்டித்தேர்வுப் பக்கத்தை வைத்துத்தான் நடப்பு நிகழ்வுகள் வகுப்பைத் தொடங்குவோம். வருகிற ஒரு பிரதி முப்பது பேர் கைக்குப் போய்த் திரும்பும்போது மடிப்பு கிழிந்திருக்கும். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதம்.

சமீபத்தில் ஒரு வரி போட்டிருந்தீர்கள்: "2025-26 பருவத்தில் பொது ரக நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,369." அதை வாசித்ததும் ஒரு மாணவி எழுந்து, "சார், எங்கப்பாவுக்கு 2,500 ரூபாய் போட்டாங்களே, எது சரி?" என்று கேட்டாள். இரண்டும் சரிதான். வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் பரிந்துரைத்து, மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்த விலை 2,369. அதன்மேல் தமிழக அரசு தன் பங்காக 131 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்தது. சன்ன ரகத்துக்கு 2,389-உடன் 156 சேர்ந்து 2,545. ஆணையம் பரிந்துரைக்கும், அமைச்சரவை முடிவெடுக்கும், மாநிலம் மேலே சேர்க்கும் என்ற மூன்று படிகளும் அந்தப் பெண்ணின் வீட்டு ரசீதிலேயே இருக்கின்றன. உங்கள் வரியில் ஒரு படிதான் இருந்தது. தேர்வில் 2,500 என்று குறித்துவிட்டு வந்திருந்தால் அவளுக்கு ஒரு மதிப்பெண் போயிருக்கும்.

அன்று பேச்சு அதோடு நிற்கவில்லை. விலை இருந்தாலும் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்களே என்றான் இன்னொரு பையன். மெஷினில் நெல்லைப் போட்டுப் பார்ப்பதை அவன் நேரில் பார்த்தவன். அந்த 17 நடப்பு நிகழ்வு என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. நாங்கள் கரும்பலகையில் படம் வரைந்தோம். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. காவிரியும் கபினியும் நிறைந்து மேட்டூருக்குத் தண்ணீர் வருகிறது. வழக்கப்படி ஜூன் 12-ல் அணை திறந்தால் குறுவை நட்டு, செப்டம்பர், அக்டோபரில் அறுத்துவிடலாம். அக்டோபர் மூன்றாவது வாரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை நமக்குத் தருவது அதுதான். ஆக, டெல்டாவுக்கு ஒரு மழை தண்ணீரைக் கொண்டுவருகிறது, அடுத்த மழை களத்தில் கிடக்கும் நெல்லை நனைக்கிறது. நடுவே கிடைக்கும் சில வாரத்தில்தான் அறுவடை, நெல்லைக் காயவைப்பது, கொள்முதல் எல்லாம் முடிய வேண்டும். 2024-ல் மேட்டூர் திறந்ததே ஜூலை 28-ல். ஒன்றரை மாதம் தள்ளிப்போனால் அறுவடை எந்த மழையில் போய் மாட்டும் என்று பிள்ளைகளே சொன்னார்கள். 2025-ல் ஜூன் 12-லேயே திறந்தும், அக்டோபர் மழையில் மூட்டைகள் நனைந்து முளைவிட்டதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். 22 சதவீதம் வரை தளர்வு கொடுங்கள் என்று தமிழக அரசு டெல்லிக்கு எழுதுவதற்குக் காரணம் இதுதான். பருவக்காற்று, பாசனம், வேளாண் கொள்கை, மத்திய மாநில உறவு என்று பாடத்திட்டத்தில் நான்கு தலைப்புகளாகக் கிடப்பவை ஒரே மூட்டை நெல்லுக்குள் இருந்தன.

அப்புறம் ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் 8 மாவட்டங்கள் என்று உங்கள் பக்கத்தில் வந்திருந்தது. 2020 பிப்ரவரியில் முதலில் அறிவித்தபோது திருச்சி, கரூர், அரியலூர் பெயர்களும் இருந்தன. அதே மாதம் நிறைவேறிய சட்டத்தில் அவை இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், கூடவே கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்கள் மட்டும்தான். நாகையிலிருந்து மயிலாடுதுறை தனி மாவட்டமானது அதற்குப் பிறகு. அறிவிப்பு வேறு, சட்டம் வேறு என்பதைப் பிள்ளைகள் புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. தயவுசெய்து திருத்தம் போடுங்கள்.

ராம்சார் தலங்கள், அதாவது உலக அளவில் முக்கியமானவையாக அங்கீகரிக்கப்பட்ட ஈரநிலங்கள், அவற்றின் பட்டியலும் இப்படித்தான். 2022 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் கோடியக்கரை மட்டுமே இருந்தது. 2025 பிப்ரவரியில் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் சேர்ந்தபோது 20 ஆகிவிட்டது. பழைய வழிகாட்டியை வைத்துப் படிப்பவர்கள் திணறுகிறார்கள், அதனால் எண்ணிக்கையை நீங்கள் புதுப்பித்துத் தருவது பெரிய உதவி. ஆனால் கோத்தகிரி அருகே உள்ள லாங்வுட் சோலை ஒரு காடாயிற்றே, அது எப்படி ஈரநிலப் பட்டியலில் வந்தது என்று ஒரு மாணவர் கேட்டார். சோலைக்காடு மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, ஓடையாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. கீழே உள்ள ஊர்களுக்கு அதுதான் தண்ணீர். இதற்கு இரண்டு வரிதான் ஆகும். அந்த இரண்டு வரி இருந்தால் 20 பெயர்களில் அந்த ஒரு பெயராவது வாழ்நாள் முழுக்க மறக்காது.

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியையும் துண்டு துண்டாகவே தந்தீர்கள். 2022-ல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்பது சுற்றுச்சூழல் பகுதியில். டங்ஸ்டன் சுரங்க ஏலமும், 2025 ஜனவரி 23-ல் அது ரத்தானதும் தேசியச் செய்தியில். அங்குள்ள ஏரிகளும் சுனைகளும், அவற்றை நம்பிப் பயிர் செய்து போராட்டத்தில் இறங்கிய மேலூர்ப் பகுதி விவசாயிகளும் எங்குமே இல்லை.

உங்களுக்கு இடம் குறைவு என்று தெரியும். வாரத்துக்கு 40 துணுக்குகள் வேண்டாம், 25 போதும். மிச்ச இடத்தில் ஒரே ஒரு செய்தியை எடுத்து, எங்கே, ஏன், யாருக்கு என்று முழுதாக எழுதுங்கள். பக்கத்தில் ஆறுகளும் மாவட்ட எல்லைகளும் உள்ள சின்ன வரைபடம் ஒன்று இருந்தால் ரொம்ப நல்லது. முதலில் மேட்டூரில் தொடங்கினால் சந்தோஷப்படுவோம். நூலகத்துக்குப் பக்கத்துக் கடையில் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து, கரும்பலகைக்கு அருகில் ஒட்டிவைக்க இடம் ஒழித்து வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஒரு பயிற்றுநர்,
திருவாரூர் மாவட்டம்.