பழகியது நினைவு, உடல் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

வட சென்னையின் எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய தெருக்களில் குடியிருப்பவர்களிடம், இரவில் கண்டெய்னர் லாரிகளின் சத்தத்தில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டால், "பழகிவிட்டது" என்பதுதான் பதிலாக வரும். நானும் 30 ஆண்டுகள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டு இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதித்தந்த மருத்துவர், உப்பைப் பற்றி விசாரித்ததோடு படுக்கையறைச் சன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றும் கேட்டபோதுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

உறக்கத்திலும் காது மூடிக்கொள்வதில்லை. ஏர் ஹாரனின் அலறலை மூளை ஆபத்தின் அறிகுறியாகவே எடுத்துக்கொண்டு அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் பதற்ற ஹார்மோன்களைச் சுரக்கச் செய்வதால், நாம் கண் விழிக்காவிட்டாலும் நாடித் துடிப்பு கூடுகிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, ஆழ்ந்த உறக்கம் கலைகிறது. இது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் உயர் இரத்த அழுத்தத்துக்கும் மாரடைப்புக்கும் வாய்ப்பு கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. (என் இரத்தக் கொதிப்புக்கு லாரி மட்டுமே காரணம் என்று வாதாட மாட்டேன், காசிமேட்டுக் கருவாட்டுக்கும் அதில் பங்குண்டு.) செவியின் இழப்போ திரும்பாதது: உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் பெருஞ்சத்தத்தால் மடிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

ஆசிரியையாக இருந்தவள் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் உயர்மட்ட ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியில், பாதைப் பக்கத்து வகுப்பறைகளில் இருந்த பிள்ளைகள் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் ஓராண்டு வரை பின்தங்கியிருந்ததை 1975-இல் வெளியான ஆய்வு காட்டியது. தண்டவாளத்தில் ரப்பர் அட்டைகளும் வகுப்பறைகளில் ஒலியை உறிஞ்சும் பலகைகளும் பொருத்திய பிறகு அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. நான் பணியாற்றிய சாலையோர வகுப்பறையில் எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, ஆசிரியை குரலை உயர்த்துவதுதான்.

நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலியளவு 45 டெசிபலைத் தாண்டக் கூடாது. அந்நேரத்தில் அவசரநிலை தவிர ஹாரன் அடிப்பதற்கே தடை உள்ளது. அபராதச் சீட்டு கிழிப்பதோடு நிற்காமல், துறைமுகத்துக்காக லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடங்களிலேயே ஏர் ஹாரன்களைக் கழற்றி எடுக்கவும், இரவு நேரத்தில் சாலையோரத் தெருக்களில் ஒலியளவைப் பதிவுசெய்து வெளியிடவும் காவல் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். இரவெல்லாம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே அமர்ந்திருக்கும் ஓட்டுநர்களுக்கும் இது நல்லதே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திருவொற்றியூர்.