டேவ் ஆலனைப் பற்றி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்தின் நகைச்சுவைக் கலைஞர் டேவ் ஆலன் பற்றி உங்கள் இதழில் ஒரு கட்டுரை வரவேண்டும்.

1936-இல் டப்ளினில் பிறந்தவர். கொஞ்ச நாள் பத்திரிகை வேலை, பிறகு இங்கிலாந்தின் விடுமுறை முகாம்களில் வந்தவர்களைச் சிரிக்க வைக்கும் வேலை, அப்புறம் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி. 1971-இல் பிபிசியில் தொடங்கிய நிகழ்ச்சிதான் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது.

உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, கையில் கண்ணாடிக் கோப்பையோடு, பக்கத்து வீட்டுக்காரர் போலக் கதை சொல்வார். நுனி இல்லாத இடது ஆள்காட்டி விரலால், கால்சட்டையில் இல்லாத தூசியைத் தட்டிவிடுவார். அந்த நுனி போன கதையையும் வேளைக்கொரு விதமாகச் சொல்வார்!

சின்ன வயதில் கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் அனுபவித்த பயத்தை அவர் மறக்கவே இல்லை. ஆனால் அவர் கேலி செய்தது அதிகாரத்தை. நம்பிக்கையோடு வாழும் எளியவரை அல்ல. தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லாதபோதும், 'உங்கள் கடவுள் உங்களோடு வரட்டும்' என்று வாழ்த்தித்தான் ஒவ்வொரு முறையும் விடைபெறுவார். அந்தப் பெருந்தன்மைக்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். 2005-இல் மறைந்தார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்