விடிகாலையில் வரும் வயிற்றுவலி

கும்பகோணம்
ஐப்பசி

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அடைமழை பிடித்துக்கொண்டுவிட்டது, துணி காயவில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை. சின்னவன் பிளஸ் டூ. டாக்டருக்கு மட்டும் படிக்க மாட்டேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டான். பிழைத்துக்கொள்வான்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் மாற்றலாகிவிட்டது, ராத்திரி டியூட்டிக்கு டாக்டர் என்று நான் ஒருத்திதான், எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். மாரடைப்பு, பக்கவாதம், பைக் விபத்து எல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தில், அதுவும் சம்பா நடவு முடிந்து மழை இறங்கும் இந்த மாதங்களில், ஏமாற்றிவிட்டுப் போகிற நோயாளி ஒருவர் உண்டு. அவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விடிகாலை மூன்று மணியிலிருந்து ஆறு மணிக்குள் வருவார். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுப் பாயில் படுத்தவர். திடீரென்று வயிற்றுவலி, இரண்டு முறை வாந்தி, தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி. காய்ச்சல் இல்லை, வயிற்றைத் தொட்டால் மெத்தென்று இருக்கும். பாம்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கே தெரியாது. அசிடிட்டிக்கான பேன்டாப்ரசோல் ஊசி போட்டு ஓரத்துக் கட்டிலில் படுக்கவைத்துவிடுவது சுலபம். ஏழு மணிக்கு டியூட்டி மாறும்போது மூச்சு நின்றிருக்கும்.

கட்டுவிரியன் கடி அப்படித்தான் வரும். ராத்திரி நடமாடுகிற பாம்பு, தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். பல் சின்னது, வலி இருக்காது. வீக்கம், ரத்தம் எதுவும் இருக்காது. காது மடலுக்குப் பின்னால், தலைமுடிக்குள், விரல் இடுக்கில் கடித்திருந்தால் டார்ச் அடித்துத் தேடினாலும் கிடைக்காது. அதனால் கடிவாயைத் தேடி நேரத்தை விடாதே. கடிவாய் இல்லை என்பது கட்டுவிரியனுக்கு எதிரான சாட்சி ஆகாது.

இன்னொரு பொறி இருக்கிறது. 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை இதில் நார்மலாகத்தான் வரும். இந்த விஷம் நரம்பைத் தாக்குவது. ரத்தம் உறையாமல் போவது கண்ணாடி விரியனிலும் சுருட்டை விரியனிலும். ‘குளாட்டிங் நார்மல் டாக்டர்’ என்று நர்ஸ் சொன்னதும் பாம்புக்கடி இல்லை என்று கேஸை மூடிவிடுகிறார்கள். சோதனையைச் செய், வேண்டாம் என்று சொல்லவில்லை. சோப்புப் போட்டுக் கழுவாத, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம், அசைக்காமல் 20 நிமிடம், பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் உறைய வேண்டிய ரத்தமும் உறையாமல் நின்று குழப்பும். ஆனால் அது நார்மல் என்பதை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்பாதே.

பார்க்க வேண்டியது இமையை. தலையை ஆட்டாமல் உன் விரலை மேல்நோக்கி ஒரு நிமிடம் பார்க்கச் சொல். முதலில் நெற்றி சுருங்கும், புருவம் ஏறும். இமையைத் தூக்க நெற்றித் தசையைத் துணைக்கு அழைக்கிறார் என்று அர்த்தம். பிறகு இமை மெல்ல இறங்கிக் கருவிழியின் மேல்பாதியை மூடும். வாயைத் திறந்தால் மூன்று விரல் நுழைகிறதா, நாக்கு பல்வரிசையைத் தாண்டி நீள்கிறதா, தலையணையிலிருந்து தலையைத் தூக்கி ஐந்து வினாடி நிறுத்த முடிகிறதா என்று பார். கடைசியாக, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல். 20 எட்டாவிட்டால் அவர் பக்கத்தை விட்டு நகராதே. 10-ஐ ஒட்டி வந்துவிட்டால் மூச்சுக்குக் குழாய் போடத் தயாராகு. பல்ஸ் ஆக்ஸிமீட்டரை நம்பி உட்காராதே. 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும், விழும்போது படபடவென்று விழும். தொண்டையில் எச்சில் தேங்கிக் குரல் மாறுவது அதைவிட முந்திய எச்சரிக்கை.

சொந்தக்காரர்கள் இதைத் தங்கள் பாஷையில் சொல்லிவிடுவார்கள், நாம்தான் காதில் வாங்குவதில்லை. “கண்ணைத் தொறக்கவே மாட்டேங்குறாங்க”, “பேச்சு கொழகொழங்குது” என்பார்கள். நாற்பது வயது ஆண் என்றால் ‘தண்ணி கேஸ்’ என்று ஓரம் கட்டப்படுவதும், இளம் பெண் என்றால் ‘வீட்டில் சண்டையா?’ என்று கேட்கப்படுவதும் இதனால்தான். அரைக்கண், குழறல் இரண்டும் சேர்ந்தால் குடி என்று முடிவு கட்டும் முன் கழுத்தைத் தூக்கச் சொல்லிப் பார்க்க அரை நிமிடம் போதும். குழந்தைகள் இதைவிடக் கஷ்டம். வயிறு வலிக்கிறது என்று அழுதுகொண்டே தூங்கிப்போகும். அது தூக்கமா, இமை தூக்க முடியாததா என்று எழுப்பிப் பார்த்துத்தான் தீர வேண்டும்.

சந்தேகம் உறுதியானால் பாம்பு விஷமுறிவு மருந்தான ஏ.எஸ்.வி. 10 குப்பி. டெஸ்ட் டோஸ் வேண்டாம், அதனால் எந்தப் பயனும் இல்லை என்று அதை விட்டு வெகுநாளாகிறது. தூளாக வரும் குப்பி ஒவ்வொன்றிலும் 10 மில்லி தண்ணீர் விட்டு உள்ளங்கையில் மெதுவாகச் சுழற்று. அவசரத்தில் குலுக்கினால் நுரை கட்டிக்கொண்டு கரையவே கரையாது, பத்துக் குப்பிக்கும் அப்படி ஆனால் அரைமணி போய்விடும். இரண்டு பேரை உட்காரவைத்துக் கரைக்கச் சொல். பெரியவர்களுக்கு 200 முதல் 500 மில்லி நார்மல் சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்று. குழந்தைக்கும் அதே 10 குப்பிதான். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. குழந்தைக்குக் குறைப்பது கலக்கும் சலைனை மட்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் நிலைமை மோசமாகிக்கொண்டே போனால் இன்னொரு 10. இருபதுக்கு மேல் போகாதே.

ஏ.எஸ்.வி.க்கு ஒவ்வாமை வரலாம். தொடங்கும் முன் அட்ரினலினைச் சிரிஞ்சில் இழுத்துத் தலைமாட்டில் வை. உடம்பு தடித்தாலோ, இளைப்பு வந்தாலோ, பிரஷர் இறங்கினாலோ ட்ரிப்பை நிறுத்தி, ஆயிரத்துக்கு ஒன்று அட்ரினலின் அரை மில்லி தொடைத் தசையில். தேவைப்பட்டால் ஐந்து பத்து நிமிடத்தில் மறுபடியும். அலர்ஜி ஊசியான அவிலும், ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோனும் அதற்குப் பிறகுதான். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். அடங்கியதும் மெதுவாக ட்ரிப்பைத் திரும்பத் தொடங்க வேண்டும், மீதியைக் கொட்டிவிடக் கூடாது. முன்னதாகவே கால் மில்லி அட்ரினலினைத் தோலடியில் போட்டால் கடுமையான ஒவ்வாமை குறைகிறது என்று இலங்கையில் நடத்தி 2011-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு காட்டியது. ஹைட்ரோகார்ட்டிசோனால் அந்தப் பயன் கிடைக்கவில்லை. பிரஷர் மிக அதிகமாக இருப்பவருக்கும் இதய நோயாளிக்கும் யோசித்துச் செய்.

இனி நியோஸ்டிக்மின். நரம்பிலிருந்து தசைக்குச் சேதி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் அழியாமல் காக்கும் மருந்து. நல்ல பாம்புக் கடியில் அது அற்புதம் செய்யும், கட்டுவிரியனில் பெரும்பாலும் கைவிரித்துவிடும். நல்ல பாம்பின் விஷம் அந்தச் சேதியை வாங்கும் தசைப் பக்கத்து வாங்கியை அடைக்கிறது. அங்கே அசிட்டைல்கோலின் அழியாமல் பார்த்துக்கொண்டால் பலன் உண்டு. கட்டுவிரியனோ நரம்பின் நுனியையே சிதைத்துவிடுகிறது, அசிட்டைல்கோலின் வெளியே வருவதே இல்லை. வாய்க்காலில் தண்ணீரே வராதபோது மதகை அடைத்து என்ன பயன்? எந்தப் பாம்பு என்று தெரியாதபோது ஒரு முறை முயன்று பார்ப்பது நியாயம்: அட்ரோபின் 0.6 மி.கி. நரம்பில், நியோஸ்டிக்மின் 1.5 மி.கி. தசையில். பிறகு அரைமணிக்கு ஒரு தடவை 0.5 மி.கி. மூன்று தடவையில் இமை ஏறாவிட்டால் விட்டுவிடு. ஏ.எஸ்.வி.யும் உடைந்துபோன நரம்பு நுனியை ஒட்டவைக்காது. ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் பிடிக்கும். அதனால்தான் சீக்கிரம் போட வேண்டும், அதனால்தான் முப்பது நாற்பது குப்பி என்று ஏற்றுவதில் அர்த்தமில்லை. நரம்பு நுனி திரும்ப முளைக்கும் வரை அவரைக் காப்பாற்றுவது காற்று மட்டுமே.

மேலிடத்துக்கு அனுப்புவதில்தான் அதிகம் பேரை இழக்கிறோம். உன் இடத்திலிருந்து திருவாரூர் மெடிக்கல் காலேஜ் பக்கம்தான், வேதாரண்யம், கோடியக்கரை என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல். கழுத்தைத் தூக்க முடியாதவரை, எண்ணிக்கை குறைந்துகொண்டே வருபவரை, மூச்சுக்குழாய் போடாமல் 108-இல் ஏற்றாதே. குழாய் போட்டுக் கட்டி, கையால் அமுக்கிக் காற்று ஏற்றும் ஆம்பு பையோடு அனுப்பு. ஐந்தாறு வினாடிக்கு ஓர் அமுக்கு, மார்பு எழும்பும் அளவுக்கு மட்டும். பதற்றத்தில் வேகவேகமாக அமுக்கினால் பிரஷர் இறங்கும். சிலிண்டரையும் கணக்குப் பார்த்துக்கொள். ஆம்புலன்ஸில் இருக்கும் பி-டைப் நிரம்பியிருந்தால் சுமார் 1500 லிட்டர், நிமிடத்துக்குப் பத்து லிட்டர் திறந்தால் இரண்டரை மணி. பாதி காலியான சிலிண்டருக்கு அந்தக் கணக்கு ஆகாது, மீட்டரைப் பார்த்துவிட்டு அனுப்பு. குழாய் போட முடியாமல் போனால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, சக்‌ஷனோடு, பை பிடிக்கத் தெரிந்த ஒருவரைக் கூடவே அனுப்ப வேண்டும். ஏ.எஸ்.வி. ஓடிக்கொண்டே போகட்டும், போய்ச் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம் என்று நிறுத்தாதே.

வென்டிலேட்டரில் சேர்த்த பிறகும் ஓர் ஆபத்து உண்டு. கண்பாவை விரிந்து வெளிச்சத்துக்கு அசையாது, இருமல் இல்லை, கைகால் அசைவு இல்லை. மூளைச்சாவு என்று எழுதிவிடக்கூடிய படம். ஆனால் அவர் உள்ளே முழு விழிப்போடு, பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி மூளைச்சாவை நான்கு மருத்துவர் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும் என்பது இருக்கட்டும். தசையை முடக்கும் காரணம் இல்லை என்று உறுதிசெய்யாமல் அந்தச் சோதனையைத் தொடங்கவே கூடாது. கட்டுவிரியன் என்ற சந்தேகத்தைக் கேஸ் ஷீட்டின் முதல் வரியில் எழுதி அனுப்பு, அங்கிருப்பவர்களுக்கு அதுதான் உதவும். மயக்க மருந்து கொடுக்கச் சொல், பாதி திறந்த கண்ணுக்கு ஜெல் போட்டு மூடி ஒட்டச் சொல். சில நாளில், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலாகவும், விரல் நுனியில் அசைவு வரும்.

இதே விடிகாலையில் வரும் இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். நேற்று முழுக்க வயல் வேலை, ராத்திரி வயிறு நிறையச் சோறு, காலையில் எழுந்தால் தொடையும் தோளும் வரவில்லை. இமை சரி, பேச்சு சரி, விழுங்குவதும் சரி. இவருக்கு முதலில் ஈ.சி.ஜி. எடு. டி அலை தட்டையாகி யு அலை எழும்பியிருந்தால் பொட்டாசியம் இறங்கியிருக்கிறது. ரிப்போர்ட் வர நேரமாகும் இடத்தில் ஈ.சி.ஜி.தான் ரிப்போர்ட். விழுங்க முடிகிறவருக்கு வாய்வழி பொட்டாசியம் குளோரைடு சிரப் போதும், 15 மில்லியில் 20 மில்லி ஈக்விவலென்ட். ட்ரிப்பில் போட வேண்டியிருந்தால் டெக்ஸ்ட்ரோஸ் வேண்டவே வேண்டாம், சுரக்கும் இன்சுலின் மிச்சமுள்ள பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளிவிடும். சலைனில், லிட்டருக்கு 40 மில்லி ஈக்விவலென்ட்டைத் தாண்டாமல், மணிக்கு 10 மில்லி ஈக்விவலென்ட் என்ற அளவில், மானிட்டர் போட்டு. ஆம்பூலை நேராக நரம்பில் தள்ளுவது கொலை. செல்லுக்குள் ஒளிந்திருந்த பொட்டாசியம் திரும்ப வெளியே வரும் என்பதால் கைகால் வரத் தொடங்கியதும் குறைத்துவிடு. நாடி வேகமாக ஓடி, விரல் நடுங்கினால் தைராய்டு பார்.

ஆனால் ஒன்று. கட்டுவிரியன் கடியிலும் பொட்டாசியம் இறங்குவதுண்டு. பொட்டாசியம் 2.8 என்று பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதே. இமை தொங்கினால் பாம்புதான் முதலில். பூச்சிமருந்து தெளித்தவர் கழுத்துத் தூக்க முடியாமல் வந்தால் கதை வேறு. கண்பாவை ஊசிமுனை போல, வியர்வை, எச்சில், வாசனை எல்லாம் அவரைக் காட்டிக்கொடுக்கும். ஒரு நாளிலிருந்து நான்கு நாள் கழித்துக்கூட மூச்சுத் தசை சோரும், தேறிவிட்டார் என்று வார்டுக்கு மாற்றிய பிறகு.

பாம்பை அடித்துக் கொண்டுவராதீர்கள், போட்டோ எடுங்கள் என்று ஊர்க்காரர்களிடம் சொல்லிவை. போட்டோவில் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன் பாம்பும் கட்டுவிரியனும் ஒன்று போலத் தெரியும். வரையனுக்குப் பட்டை கழுத்திலிருந்தே தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குத் தலைப்பக்கம் மங்கலாக இருந்து வால் பக்கம் இரட்டை இரட்டையாகத் தெளியும். நடுமுதுகில் வரிசையாகப் பெரிய அறுகோணச் செதில்கள் இருக்கும். போட்டோ தெளிவில்லை என்றால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள், அறிகுறி இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் படுக்கவைத்து மணிக்கொரு தரம் இமையைப் பார். கட்டில் இல்லாத வீட்டில், கொசுவலையைப் பாய்க்கு அடியில் சுற்றிச் செருகிக்கொண்டு படுக்கச் சொல். அதைவிட மலிவான வைத்தியம் இதற்குக் கிடையாது.

தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது, ஆகவே ஒவ்வொரு கேஸையும் பதிவு செய்ய வேண்டும். பாம்பைப் பார்க்காத கேஸையும் சேர்த்துத்தான்.

நாளைக்கு முதல் வேலையாக ஸ்டோரில் ஏ.எஸ்.வி. இருபது குப்பியாவது இருக்கிறதா, நியோஸ்டிக்மின் தேதி முடியாமல் இருக்கிறதா, ஆம்பு பையின் வால்வு ஒட்டாமல் இருக்கிறதா, குழந்தை அளவு முகமூடி இருக்கிறதா என்று நீயே எடுத்துப் பார். இண்டென்ட் போட வேண்டியிருந்தால் தீபாவளி லீவுக்கு முன் போட்டுவிடு.

காய்ச்சல் கேஸ்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். பாவாடை நாடா கட்டும் இடம், அக்குள், தொடையிடுக்கு இங்கெல்லாம் சிகரெட் சுட்டது போலக் கருத்த புண் இருக்கிறதா என்று பார். இருந்தால் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் என்று வைத்துக்கொண்டு, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இரண்டு வேளை தொடங்கிவிடு. எலிக்காய்ச்சலை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். பஸ் வசதி எப்படி, குவார்ட்டர்ஸ் ஒழுகுகிறதா என்று எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சாந்தி