தெள்ளா, பரிசா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஹவாய்த் தீவுகளில், ஹொனலூலுவிலிருந்து நீ அனுப்பிய வீடியோவை அம்மா நாலு தடவை போட்டுப் பார்த்தாள். நான் உன் வாசிப்பை விட்டுவிட்டு வாத்தியத்தின் பெயரில் சிக்கிக்கொண்டேன். யுகுலேலி இல்லைப்பா, உக்குலேலே என்று நீ திருத்தினாயே, அன்று ஆரம்பித்த வினை.

ஹவாய் மொழியில் உக்கு என்றால் தெள்ளு, லேலே என்றால் குதிப்பது. குதிக்கிற தெள்ளு! 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்க்ராக் என்ற கப்பல் போர்ச்சுக்கலின் மடெய்ராத் தீவிலிருந்து 400 பேருக்கு மேல் கொண்டுவந்து அங்கே இறக்கியிருக்கிறது. கரும்புத் தோட்டக் கூலிக்கு வந்தவர்கள். மஷெட் என்கிற நாலு கம்பிக் குட்டி கிட்டாரும் கூடவே வந்தது. அதே கப்பலில் வந்த மனுவேல் நுனெஸ் முதலான மூன்று தச்சர்கள் பிற்பாடு கடை போட்டு, அதைப் பார்த்து உன் வாத்தியத்தைச் செய்தார்கள்.

விரல்கள் தெள்ளு மாதிரி துள்ளியதால் வந்த பெயர் என்பது ஒரு கதை. ஹவாயை அப்போது ஆண்ட கலாகௌவா மன்னரின் அரண்மனையில் இருந்த எட்வர்ட் பர்விஸ் சின்ன உருவம், துறுதுறுப்பு. அவருடைய பட்டப்பெயர்தான் வாத்தியத்துக்கு ஒட்டிக்கொண்டது என்பது இன்னொன்று. எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது. பட்டப்பெயர் எப்படி ஒட்டும் என்று நம் தெருவுக்குத் தெரியாதா?

கடைசி அரசி லிலியுவோகலானிக்குத் தெள்ளு பிடிக்கவில்லை போல. 'இங்கு வந்த பரிசு' என்று பொருள் சொன்னார். உக்கு என்றால் பரிசும்தான், கூலியும்தான். கூலிக்கு வந்தவர்கள் கொண்டுவந்த வாத்தியத்துக்கு எவ்வளவு பொருத்தம்! ஆனால் தெள்ளு என்னும்போது சொல்லின் தலையில் ஒக்கினா என்ற குட்டிக் குறி வரும். தொண்டையை ஒரு நொடி அடைத்துவிட்டுச் சொல்ல வேண்டும். கூலிக்கு அது கிடையாது. ஹவாய் மொழியில் வாத்தியத்தின் பெயரை அந்தக் குறியோடுதான் எழுதுகிறார்கள். அரசியின் பொருள் அழகுதான், குறி இடம் கொடுக்கவில்லை.

உன் காதுகுத்துப் பத்திரிகை ஞாபகம் இருக்கிறதா? புரூஃப் பார்த்தது நான்தான். ஒரு கால் விட்டுப்போய், பாட்டி 'பட்டி' ஆகி, அவள் செத்துப்போகும்வரை என்னைச் சும்மா விடவில்லை.

சரி, உன் வாத்தியத்தின் பெட்டியில் பெயர் போட்டிருந்தால் அந்தக் குறி இருக்கிறதா, பார்த்துச் சொல். அப்புறம், கம்பி விரலை அறுக்குமா என்று அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா