தொட்டில் என்ற பட்டம் பொருந்தாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிற்றூர்க் கிரிக்கெட் சங்கங்களின் தொடக்ககாலம் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியிலுள்ள ஹாம்பிள்டனைக் 'கிரிக்கெட்டின் தொட்டில்' என்று குறிப்பிட்டிருந்தது. நெடுங்காலமாக வழங்கிவரும் பட்டந்தான்; ஆனால் வரலாறு அதற்கு இடங்கொடுக்கவில்லை. கில்ட்ஃபோர்டில் நடந்த நிலத் தகராறு ஒன்றில் 1598-இல் சாட்சியம் அளித்த ஜான் டெரிக் என்பவர், பள்ளிப் பருவத்தில் அந்த நிலத்தில் கிரிக்கெட் ஆடியதாகக் கூறியிருக்கிறார். ஆட்டத்தின் சட்டங்கள் 1744-இலேயே எழுதப்பட்டுவிட்டன. ஹாம்பிள்டன் சங்கம் பேர் பெற்றதோ 1760-களுக்குப் பிறகு. நடை பழகி, சட்டமும் எழுதிக்கொண்ட பிள்ளையை யார் தொட்டிலில் இடுவார்கள்?

அச்சங்கத்தின் உண்மையான பெருமை வேறு. 1771-இல் செர்ட்சி அணியுடன் நடந்த ஆட்டத்தில் செர்ட்சி வீரர் தாமஸ் வைட் விக்கெட்டையே மறைக்கும் அகலத்தில் ஒரு மட்டையைக் கொண்டுவந்து நின்றார். ஹாம்பிள்டன் ஒரே ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. ஆயினும் வென்ற அணியினரே, மட்டையின் அகலம் நாலேகால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். தோற்றவர்கள் முறையிடுவது இயல்பு, இது அப்படியன்று. அந்த அளவு இன்றுவரை மாறவில்லை. 1775-இல் லண்டனின் ஆர்ட்டிலரி மைதானத்தில் 'லம்பி' ஸ்டீவன்ஸ் வீசிய பந்து, ஹாம்பிள்டன் வீரர் ஜான் ஸ்மாலின் விக்கெட்டில் அன்று இருந்த இரண்டே ஸ்டம்புகளுக்கு நடுவே மூன்று முறை புகுந்து சென்றும் அவர் ஆட்டமிழக்கவில்லை. நல்ல பந்து இப்படி வீணாவது அநியாயம் என்று பட்டதால்தான் நடு ஸ்டம்ப் வந்தது.

இவர்கள் பெரும்பாலும் கைத்தொழில் செய்து பிழைத்தவர்கள். ஸ்மால் செருப்புத் தைத்தவர். பிறகு மட்டையும் பந்தும் செய்து விற்றார். பந்துவீச்சாளர் டேவிட் ஹாரிஸ் குயவர். அணித்தலைவர் ரிச்சர்ட் நைரன், பிராட்ஹாப்பென்னி டவுன் மைதானத்தை ஒட்டியிருந்த விடுதியை நடத்திவந்தார். 1777-இல் செவன்ஓக்ஸில் இவர்கள் இங்கிலாந்து அணி என்ற பெயரில் திரண்டவர்களை ஓர் இன்னிங்ஸ், 168 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றார்கள். ஜேம்ஸ் எய்ல்வர்ட் மட்டும் 167 எடுத்தார்.

தொட்டில் கதை வலுப்பெற்றதற்கு நைரனின் மகன் ஜான் நைரன் 1833-இல் வெளியிட்ட நூல் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். 1777 ஆட்டத்தின்போது அவருக்கு வயது பன்னிரண்டுதான். சிறுவன் வியந்து பார்த்ததை அரை நூற்றாண்டு கழித்து முதியவர் எழுதினார். அந்த வாஞ்சை படிக்க இனியது, ஆனால் தோற்றத்துக்குச் சான்றாகாது.

சங்கத்தின் முடிவைக் கட்டுரை ஒரு வரியில் கடந்துவிட்டது. 1787-இல் லண்டனில் மேரிலிபோன் கிரிக்கெட் சங்கம் தோன்றியதும் பணம் கொடுத்துவந்த பிரபுக்களின் நாட்டம் அங்கே திரும்பியது. 1796 செப்டம்பரில் ஹாம்பிள்டன் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில், கனவான்கள் எவரும் வரவில்லை என்று மட்டும் எழுதப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்