பால்மரத்தின் சொந்த ஊர்

சாந்தரெம், பிரேசில்
மார்ச், ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். வாட்சப்பில் பேசி அனுப்பினால் போதாதா என்பாய். பேசினால் நடுவில் என் குரல் உடையும், நீ பதறிப்போய் நடுராத்திரியில் அண்ணனை எழுப்புவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். அண்ணன் படம் பிடித்து உனக்கு அனுப்புவான்.

உனக்குப் பதினொரு வயது இருக்கும். பள்ளிக்கூடத்துக் கட்டுரைக்காக, "பாட்டி என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேட்டாய். "தோட்டத்துல வேலை" என்றேன். "என்ன வேலை?" என்றாய். "தோட்ட வேலைதான், போய்ப் படி" என்று துரத்திவிட்டேன். நீ பாட்டியைப் பூந்தோட்டத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி வரைந்துகொண்டு போனாய். ரோஜா எல்லாம் இருந்தது. அந்தப் படம் இத்தனை வருஷமாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

பேரனைப் பார்க்க மனாவுஸ் வந்தது உனக்குத் தெரியும். மனாவுஸைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பெரிய ஊர், கொதிக்கிற வெயில், 1896இல் ரப்பர் பணத்தில் திறந்த ஓப்பரா மண்டபம் ஒன்று இருக்கிறது. பார்த்தேன், அழகுதான். "ரப்பர் பணத்துல கட்டினதுமா" என்று அண்ணன் சொன்னபோதுதான் எனக்குள் ஏதோ அசைந்தது. அண்ணியின் பெரியப்பா தபஜோஸ் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார், சின்ன வயதில் ரப்பர் வெட்டியவர் என்று பேச்சுவாக்கில் வந்தது. ஊர் பெயர் ஃபோர்ட்லாண்டியா. கார்க்காரர் ஹென்றி ஃபோர்டு கட்டிய ஊர். போகலாம் என்றேன். "ஒண்ணுமில்லாத ஊரும்மா" என்றான். எனக்கு ஒன்றுமில்லாத ஊர்கள் பழக்கம்தான் என்றேன்.

சாந்தரெம் வரை விமானம். இங்கே தபஜோஸ் வந்து அமேசானில் சேர்கிறது. தபஜோஸ் பச்சையும் நீலமுமாகத் தெளிந்த தண்ணீர், அமேசான் நம் மலேசியத் தே தாரிக் டீயின் நிறம். இரண்டும் சட்டென்று கலப்பதில்லை, கரையில் நின்றே கோடு தெரியும். அங்கிருந்து ஒரு சாயங்காலம் படகு ஏறினோம். இரண்டு அடுக்குப் படகு. கட்டில், நாற்காலி எதுவும் கிடையாது. அவரவர் தூளியை அவரவரே கொண்டுவந்து கூரைக் கம்பியில் கட்டிக்கொள்ள வேண்டும். ஆமாம், தூளியேதான், பெரியவர்களுக்கான தூளி. ஒன்றரை வயது வரை தூளியை விட்டு இறங்காதவள் நீ. உன்னை ஆட்டி ஆட்டிக் கை வலித்த நான், அறுபத்தெட்டு வயதில் முன்பின் தெரியாத ஐம்பது பேரோடு இடித்துக்கொண்டு தூளியில் படுத்தேன். பக்கத்துத் தூளிக்காரரின் முழங்கால் ராத்திரி முழுக்க என் விலாவில்தான். நன்றாகத் தூங்கினேன் என்றால் நம்புவாயா?

மழைக்காலம் என்பதால் ஆறு ஏறியிருந்தது. கரையோர மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. அகலமான இடத்தில் ஆறு பத்துக் கிலோமீட்டருக்கும் மேல், எதிர்க்கரை பென்சிலால் கோடு போட்ட மாதிரிதான் தெரிகிறது. இருட்டில் எங்கேயோ தாண்டிப் போன கரையில் போயிம் என்று ஒரு ஊர் இருக்கிறது. 1876இல் ஹென்றி விக்காம் என்ற வெள்ளைக்காரர் போயிமைச் சுற்றியுள்ள காடுகளில் ரப்பர் கொட்டை சேகரித்து, ஏறத்தாழ 70,000 கொட்டைகளைக் கப்பலில் லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே கியூ தாவரவியல் தோட்டத்தில் முளைத்தது 2,700 சொச்சம். அதில் பெரும்பகுதி சிலோனுக்குப் போனது. மறுவருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில நம் கோலகங்சாருக்கு வந்து, ஒன்று இன்னும் மாவட்ட அலுவலகத்துப் பக்கத்தில் வேலி போட்டு நிற்கிறது. தைப்பிங் போகிற வழியில் ஒருமுறை இறங்கிப் பார்த்தோமே, நீ ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடித்தாய், அந்த மரம்தான். விக்காமுக்கு 1920இல் சர் பட்டம் கொடுத்தார்கள். இங்கே அவரைத் திருடன் என்கிறார்கள். கொட்டையைக் கொண்டுபோகக் கூடாது என்று அப்போது சட்டமே இல்லை என்று வாதாடுகிறவர்களும் உண்டு. சட்டம் இருந்ததோ இல்லையோ, அந்தக் கொட்டை வராமல் இருந்தால் என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியிருக்க மாட்டார்.

விடியற்காலை இறங்கினோம். முதலில் கண்ணில் படுவது தண்ணீர்த் தொட்டிக் கோபுரம். ஊரில் எங்கே நின்றாலும் அது தலைக்குமேல் நிற்கிறது. ஆற்றங்கரையில் கண்ணாடி உடைந்த பெரிய தொழிற்கூடம். மேட்டில் மாமரங்களுக்கு நடுவே அமெரிக்கத் துரைமார்களின் வீடுகள், தாழ்வாரமெல்லாம் வைத்தவை. சிலவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், சில சாய்ந்து கிடக்கின்றன. தெருவோரத்தில் சிவப்பாகத் தீயணைப்புக் குழாய், சுற்றிலும் காடு. அதன்மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

எனக்கு எல்லாம் பார்த்த மாதிரியே இருந்தது. மேட்டில் துரை பங்களா, கீழே வரிசை வீடுகள், நடுவில் வேலை நேரத்துக்கு ஊதும் சங்கு. தோட்டத்தில் பிறந்தவளுக்கு யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை.

இந்த ஊர் வந்ததற்கும் நாம்தான் ஒரு காரணம். 1922இல் பிரிட்டிஷ்காரர்கள் மலாயா, சிலோன் ரப்பர் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டி விலையை ஏற்றப் பார்த்தார்கள். டயருக்கு அவர்கள் கையை எதிர்பார்த்திருக்க ஃபோர்டுக்குப் பிடிக்கவில்லை. 1927இல் பாரா மாநில அரசிடம் பத்தாயிரம் சதுர கிலோமீட்டர் அளவுக்குக் காடு வாங்கினார். 1928இல் இரண்டு கப்பல் நிறையச் சாமான்கள் வந்தன. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மரம் அறுக்கும் ஆலை எல்லாம் எழும்பின. எழுப்பியவர் மட்டும் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வரவில்லை. தூரத்திலிருந்தே ஆட்களுக்குச் சட்டம் போட்டார். குடிக்கக் கூடாது, அமெரிக்க நாட்டுப்புற நடனம் ஆட வேண்டும், சாப்பாட்டுக்கு ஓட்ஸ், டின் பழம். கடிகார அட்டை அடித்து வேலைக்கு வர வேண்டும், உச்சி வெயிலிலும் நிற்க வேண்டும்.

1930 டிசம்பரில் சாப்பாட்டுக் கூடத்தில் வெடித்தது. அதுவரை மேசைக்கு வந்த சாப்பாட்டை, இனி தட்டேந்தி வரிசையில் நின்று வாங்கு என்றார்கள். ஆட்கள் பொங்கிவிட்டார்கள். நாற்காலி, லாரி, கட்டடம் எதையும் விடவில்லை. முக்கியமாக அந்த வருகைக் கடிகாரங்களை நொறுக்கினார்கள். மேலதிகாரிகள் ஆற்றுக்கு ஓடிக் கப்பலில் ஏறித் தப்பினார்கள், ராணுவம் வந்துதான் அடக்கியது. சாப்பாட்டு வரிசைக்காகவா இவ்வளவு என்று அண்ணன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலை ஐந்து மணிக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பாட்டி நின்று பெயர் கொடுத்ததைப் பார்த்தவள் நான். ஒரு நிமிஷம் பிந்தினால் கங்காணி வாயிலிருந்து வருகிற வார்த்தையை உனக்கு எழுத மாட்டேன்.

கடைசியில் ஃபோர்டைத் தோற்கடித்தது ஆட்கள் இல்லை, ஒரு பூஞ்சணம். இந்தக் காட்டில் ரப்பர் மரம் இங்கே ஒன்று, எங்கோ தள்ளி ஒன்று என்றுதான் வளரும். நடுவில் வேறு நூறு மரம். அதனால் இலைக்கருகல் நோய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் தாவாது. ஃபோர்டு ஆட்கள் நம் தோட்டம் மாதிரி நிரை பிடித்து நெருக்கி நட்டார்கள். இலையும் இலையும் உரசியதும் நோய்க்குக் கொண்டாட்டம். தளிர் கறுத்துச் சுருண்டு உதிர்ந்தது. 1934இல் சாந்தரெம் பக்கம் பெல்தேராவில் மறுபடி தொடங்கினார்கள். நம் பக்கத்திலிருந்து தேர்ந்த ரகங்களைக்கூட வரவழைத்து ஒட்டுக் கட்டிப் பார்த்தார்கள். இந்த மண்ணிலிருந்து போன மரத்தின் பேரப்பிள்ளைகள் ஊர் திரும்பி, ஊர் நோயையே தாங்க முடியாமல் நின்றன. ஏறத்தாழ 2 கோடி டாலர் கொட்டிய இடத்தை 1945இல் இரண்டரை லட்சத்துக்கும் குறைவாக பிரேசில் அரசிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மலாயாவில் மட்டும் ஏன் நிரை நிரையாக வளர்ந்தது? 1876இல் கொட்டை போனது, நோய் கூடப் போகவில்லை. அவ்வளவுதான். இதைப் படித்ததும், "அம்மா என்னைத்தான் சொல்றாங்க, மெல்பர்ன் போனதைத்தான் சொல்றாங்க" என்று ஆரம்பிப்பாய். இல்லை, மரத்தைத்தான் சொல்கிறேன். சரி, கொஞ்சம் உன்னையும்தான்.

அண்ணியின் பெரியப்பாவுக்கு எழுபத்தைந்து வயது. முறைப்படி எனக்குச் சம்பந்தி. அவருக்குத் தமிழோ மலாயோ தெரியாது, எனக்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. வந்ததும் தாம்பாக்கி மீனைச் சுட்டு, மரவள்ளி மாவைத் தூவிக் கொடுத்தார். மரவள்ளி இந்த மண்ணின் பயிராம். ஜப்பான்காரன் காலத்தில் அதைத் தின்றே உயிர் பிழைத்ததால், பாட்டி கடைசிவரை வீட்டுக்குள் மரவள்ளியைச் சேர்த்ததில்லை. முந்திரிப்பழம் கொடுத்து "கஜூ" என்றார். நான் "கஜுஸ்!" என்று கத்திவிட்டேன். மலாய்க்காரர்கள் சொல்லும் அதே சொல்.

அவருடைய அப்பா இந்த ஊர்க்காரர் இல்லை, வறண்ட வடகிழக்கில் சியாராவிலிருந்து வந்தவர். 1942இல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றுபோனது. பிரேசிலின் வடகிழக்கு ஏழை ஆட்கள் 50,000 பேருக்கும் மேல் 'ரப்பர் சிப்பாய்கள்' என்ற பெயரில் இந்தக் காடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். காய்ச்சலில் செத்தவர்கள் கணக்கில்லை. பிழைத்தவர்களுக்கு ஓய்வூதியம் என்று எழுதியதே 1988 அரசியல் சட்டத்தில்தான். அண்ணன் இதையெல்லாம் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, எனக்குப் பாட்டியின் அண்ணன் நினைவு வந்தது. அதே ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனவர், திரும்பவே இல்லை. சம்பந்தியிடம் சொல்லச் சொன்னேன். அவர் எழுந்து போய் எனக்கு இன்னொரு மீன் வைத்தார்.

மறுநாள் காலை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார். நாலைந்து பால்மரங்கள், ரப்பர் மரங்கள்தான், நின்றன. பட்டையில், அந்தக் காலத்தில் சின்னக் கோடரியால் கொத்திய தழும்புகள் முண்டு முண்டாக இருந்தன. ராத்திரி மழையில் பட்டை ஈரமாக இருந்தது. எங்கள் தோட்டம் என்றால் அன்று வெட்டில்லை, கூலியும் இல்லை. அவர் கத்தியை எடுத்து ஏதோ காட்டப் போனார். நான் கை நீட்டினேன்.

இதைத்தான் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். பத்து வயதிலிருந்து பதினாறு வரை, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பாட்டியோடு நிரையில் நின்றவள் நான். நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு, கொசுவுக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, வெட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டு, பால் வடிகிற மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைப்பேன். பாட்டி சீவிக்கொண்டே போவாள். வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும், அப்போதுதான் பால் நன்றாக இறங்கும். இடது மேலே, வலது கீழே, மெல்லிசாக ஒரு சுருள். ஆழம் போனால் மரத்துக்குக் காயம், காயம் பட்டால் ஏச்சு. பள்ளிக்கூடத்தில் என் தலைமுடியில் பால் வாடை அடிக்கிறது என்று பக்கத்துப் பெண் தள்ளி உட்கார்ந்தாள். அதோடு வாயை மூடியவள்தான். உன் அப்பாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

சம்பந்தியின் கத்தி நம் பால்வெட்டு உளி மாதிரி இல்லை, வளைவு வேறு. முதல் இழுப்பு பிசகிவிட்டது. இரண்டாவதில் கைக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது, மணிக்கட்டு அதுவாகவே திரும்புகிறது. பட்டைச் சுருள் விழுந்தது, கோட்டில் வெள்ளையாக முத்து முத்தாகக் கோத்து, வழிய ஆரம்பித்தது. அந்த வாடை! நான் வெறுத்த வாடைதான். மரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அண்ணன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். சம்பந்தி ஒன்றும் கேட்கவில்லை. நான் வெட்டிய கோட்டை விரலால் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

திரும்பும் படகு ஐந்து மணி நேரம் தாமதம். காரணம் சொல்ல ஆளில்லை, படகுத்துறையில் மழைக்கு ஒதுங்கக் கூரையும் இல்லை. உன் அண்ணன் கத்திய கத்தலை நீ கேட்டிருக்க வேண்டும், போர்த்துக்கீசியத்தில் கத்தினாலும் அப்படியே உன் அப்பா.

மரத்தடியில் ஒரு கொட்டையைப் பொறுக்கி வைத்திருந்தேன். பழுப்பில் புள்ளி போட்ட, வழுவழுப்பான கொட்டை. சின்ன வயதில் இதைச் சிமெண்ட் தரையில் தேய்த்துச் சுடச்சுட அடுத்தவள் கையில் வைப்போம், அலறுவாள். உனக்குக் கொண்டுவரலாம் என்றுதான் எடுத்தேன். இந்தக் காட்டிலிருந்து கொட்டையோ இலையோ நம் நாட்டுக்குள் வரக் கூடாது, அந்த நோய் வந்தால் மிச்சமிருக்கிற தோட்டமும் போய்விடும் என்று அண்ணன் பிடுங்கிக்கொண்டான். அந்த வெள்ளைக்காரர் 70,000 கொண்டுபோனார், எனக்கு ஒன்று கூடாதா என்று கேட்டேன். சொன்னேனே தவிர, அறைக்கு வந்ததும் செருப்பை இரண்டு தடவை தேய்த்துக் கழுவினேன்.

பாட்டியின் உளி வீட்டில்தான் இருக்கிறது. ஸ்டோர் அறையில் மேல் தட்டில், பழைய மைலோ டின்னுக்குள், துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வரும்போது இறக்கிக் காட்டுகிறேன். நானில்லாத நேரத்தில் எடுத்தால் பார்த்து எடு, துரு ஏறியிருந்தாலும் கூர் போகவில்லை.

அம்மா